கண்ணாடிக்குப் பாலிசி இருந்தது

அந்த அருங்காட்சியகத்தில் எனக்குக் கொடுத்த வேலை சீட்டு எழுதுவது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சங்கு இருந்தால், அது என்ன சங்கு, எந்தப் பக்கத்துக் கடலில் எடுத்தது என்று ஒரு வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் எழுதி அதன் காலடியில் வைக்க வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் தவளையும் செம்பருத்தியும் வரைந்து வரைந்து படிந்த கை அது. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் தூங்கினால் எனக்குத் தலை வலிக்கும். அதனால் போனேன். சம்பளம் கிடையாது. அங்கே வேலை செய்த யாருக்குமே கிடையாது. எங்களுக்குத் தொண்டர்கள் என்று பெயர் வைத்து, சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்திருந்தார்கள்.

எழுபதுகளில் நடந்தது இது. கடைசி முத்துக்குளிப்பு முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஊர் முழுவதும் புதுத் துறைமுகத்தைப் பற்றியே பேச்சு. அந்த நேரத்தில் சில பெரிய மனிதர்கள் கூடி, முத்துக்குளிப்புக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் பஞ்சுப் பொதி அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, கண்ணாடிப் பெட்டிகள் செய்து வைத்து, ஒரு கமிட்டியும் போட்டார்கள். கமிட்டிக்குச் செக்ரட்டரி ஒரு வக்கீல். எதைப் பேசினாலும் மூன்றாகப் பிரித்துப் பேசுவார். எனக்கு முதல் நாளே அவரைப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதை அவர் மறைத்ததே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் நேர்மையானவர்தான்.

கிட்டங்கிக்கு வருகிறவர்கள் சங்கையும் சிப்பியையும் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள். அவர்களை நிறுத்திவைப்பதற்காகச் செக்ரட்டரி ஒரு யோசனை கண்டுபிடித்தார். சங்கு குளிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து, கடலுக்குள் இறங்குவதை எல்லோருக்கும் நடித்துக் காட்டச் சொல்வது. முத்து இல்லாவிட்டாலும் சங்குக்குளி அப்போதும் நடந்துகொண்டிருந்தது. மாதா கோயில் வழியாகச் சொல்லியனுப்பி ஒருவரை வரவழைத்தார். அவர் தனியாக வரவில்லை, மச்சினனோடு வந்தார்.

தனியாக வர மாட்டார் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். குளிக்கிறவர் பெரிய கல் ஒன்றில் காலைக் கொடுத்துக் கடலுக்குள் இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழேயிருந்து கயிறு அசைந்தால் இழுத்துத் தூக்க வேண்டியது அவன் பொறுப்பு. கொஞ்சம் அயர்ந்தால் கீழே இருப்பவர் பிணம்தான். அதனால் அந்தக் கயிற்றை யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி என்றால்கூட சொத்தை நினைத்துக் கை தளரலாம். மச்சினன் கை தளராது, தன் அக்காள் தாலியறுக்க எவனும் விட மாட்டான் என்பது கணக்கு. அப்பாவும் பிள்ளையும்கூட இந்தத் தொழிலில் இரண்டாம் பட்சம்தான்.

செக்ரட்டரிக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதைச் சொல்லி, "மச்சினன்தான் அந்தக் காலத்து இன்சூரன்ஸ்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன்.

குளிக்கிறவர் நெட்டையான மனிதர், அதிகம் பேச மாட்டார். மச்சினன் அவரைவிட இளையவன், கறுத்துக் குட்டையாக, உள்ளங்கை மட்டும் ஆளுக்குப் பொருந்தாத அளவில் அகலமாக இருக்கும். அவன் அக்காவும் சில சமயம் கைக்குழந்தையோடு வந்து வாசலில் நிற்பாள். கிட்டங்கியின் உத்தரத்தில் பொதி தூக்க மாட்டிய இரும்புக் கப்பி அப்படியே இருந்தது. அதில் கயிற்றைப் போட்டு, கல்லைக் கட்டி, கல்லின் மேல் குளிக்கிறவரை நிறுத்தி, நாலைந்து பேராக இழுத்து ஆள் உயரத்துக்கு மேலே தூக்குவோம். கயிற்றின் மறு நுனி சுவரோரம் இருந்த மரத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி மச்சினன் கையில் இருக்கும். ஒரு சுற்று இருப்பதால் பாரம் தெரியாது. அவன் கொஞ்சம் கொஞ்சமாக விட, குளிக்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கி, பரப்பியிருக்கும் மணலில் சங்கு பொறுக்கிக் காட்டுவார். இரண்டு பேருக்கும் கூலி கிடையாது. அவர்களுக்கும் தகர வில்லை குத்தியிருந்தார்கள். டீயும் பன்னும் உண்டு.

அந்த வருஷம் கமிட்டி ஒரு பாலிசி எடுத்தது. ஏஜெண்ட் வந்து உட்கார்ந்து, தீ, திருட்டு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பெட்டிகளின் கண்ணாடி பம்பாயிலிருந்து வந்தது என்பதால் அதற்குத் தனியாக ஒரு பாலிசி போட்டார்கள். நான் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். என் அண்ணன் பஞ்சாலையில் வேலை செய்தவன். அவனோடு வேலை செய்த ஒருவருக்கு மெஷினில் விரல் போனபோது ஆலையில் நஷ்டஈடு கொடுத்தது எனக்குத் தெரியும். அதனால் நிமிர்ந்து, இங்கே வேலை செய்கிற ஆட்களுக்கு ஏதும் உண்டா என்று கேட்டேன். மேல் அறைக்குப் போகிற மரப்படியில் இரண்டு பலகை இற்றுப்போயிருந்தது. அதைச் சொன்னேன். கப்பியையும் சொன்னேன்.

செக்ரட்டரி பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு அவர் கொடுத்த பதிலில் வழக்கம்போல மூன்று பகுதி இருந்தது. வேலையாள் என்றால் கூலி வாங்குகிறவன், சட்டம் அவனுக்குத்தான். தொண்டன் கூலி வாங்குவதில்லை, ஆகையால் வேலையாள் இல்லை. வேலையாள் இல்லாதவனுக்கு வேலையில் அடிபடவே முடியாது. ஏஜெண்ட் மட்டும் மெதுவாக, தொண்டர்களுக்கும் சேர்த்து எழுதலாம், கொஞ்சம்தான் கூட ஆகும் என்றார். கமிட்டியில் ஒருவர், "டீச்சருக்கு என்ன பயம், சிப்பி கடிச்சிருமோ" என்று கேட்க, மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அதோடு முடிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. சிரித்தவர்களில் இரண்டு பேர் பிற்பாடு என்னைத் தெருவில் பார்த்து வணக்கம் சொன்னபோது நான் பதில் வணக்கம் வைத்ததில்லை.

ஆண்டு விழா வந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பணம் கொடுத்தவர் ஓர் உப்பள முதலாளி. அவர்தான் சிறப்பு விருந்தினர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், யார் எதைச் சொன்னாலும் செய்கிறவர் என்று சொல்வேன். சில இடங்களில் இரண்டாவது ரகம்தான் ஆபத்து.

கிட்டங்கி நிறையக் கூட்டம். குளிக்கிறவரைத் தூக்கி நிறுத்தியாயிற்று. மச்சினன் தூணருகே கயிற்றோடு நின்றான். அப்போது செக்ரட்டரிக்கு அடுத்த யோசனை வந்தது. முதலாளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ. ஸ்டுடியோக்காரர் தயாராக இருந்தார். மச்சினன் மாட்டேன் என்று தலையாட்டினான். கல்லின் மேலிருந்த குளிக்கிறவரும் வேண்டாம் என்று கையைக் காட்டினார். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே, இது என்ன கடலா, தரைதானே, ஒரு நிமிஷம்தானே என்றார். முதலாளி கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, போட்டோவில் விழக் கூடாது என்று மச்சினனைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

முதலாளி ஒழுங்காகத்தான் பிடித்திருந்தார். தூணில் ஒரு சுற்று இருந்ததால் பாரமே இல்லை. ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, மாலை இல்லையே என்றார். உடனே கமிட்டியில் ஒருவர் ஓடிவந்து ரோஜா மாலையை முதலாளியின் கழுத்தில் போட்டார். கூட்டம் கை தட்டியது. மாலை விழுந்தால் நம் ஊரில் ஒரு பெரிய மனிதர் என்ன செய்வார்? இரண்டு கையையும் கூப்பினார்.

கயிறு ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் விலகி ஓடியிருப்பார்கள். நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மச்சினன் பாய்ந்து ஓடுகிற கயிற்றைப் பிடித்தான். பிறந்ததிலிருந்து அவன் கற்ற ஒரே பாடம் அதுதான், கயிறு ஓடினால் பிடிக்க வேண்டும். கயிறு அவன் வலது கையைத் தூணை நோக்கி இழுத்துக்கொண்டு போய், சுற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்து நெரித்தது. நெரித்த இடத்தில் நின்றது. குளிக்கிறவர் கல்லோடு தரைக்கு ஒரு சாண் மேலே நின்று ஆடினார். ஆடிய கல் ஒரு பெட்டியில் மோதி, பம்பாய்க் கண்ணாடி சிதறியது.

கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணாடி உடைந்த பக்கம்தான் திரும்பினார்கள். மச்சினன் கத்தவில்லை. குளிக்கிறவர் கல்லிலிருந்து குதித்து, கயிறு தளரும்படி கல்லைத் தூக்கிப் பிடித்து, "மாப்ள, விட்டுரு, எறங்கிட்டேன், விட்டுரு" என்று சொன்னார். அப்போதுதான் அவன் விட்டான். கையைப் பார்த்த அவன் அக்கா குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டு, முந்தானையால் அந்தக் கையைச் சுற்றினாள். முதலாளி அப்போதும் கூப்பிய கையோடுதான் நின்றார். அவரைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். கையில் குழந்தை அழுதது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வேறு இரண்டு விரல்கள் இருந்தன, ஆனால் மடங்கவில்லை. டாக்டர் நல்ல மனிதர், கூடிய மட்டும் பார்த்தார். இந்தக் கையால் இனிமேல் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது என்று அவர் சொன்னபோது, மச்சினன் தன் கையைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தான். சங்கு சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் சோறு போடுவது அந்தச் சீசன்தான். கயிறு பிடிக்க ஆள் இல்லையென்றால் குளிக்கிறவர் இறங்க முடியாது. அவளுக்கு வேறு கூடப்பிறந்தவன் கிடையாது. போனது ஒரு கை, நின்றது இரண்டு பேருடைய தொழில். நாலு வயிறு அதில் இருந்தது.

இதைக் கமிட்டியில் சொன்னேன். எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாக, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். செக்ரட்டரி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மூன்றாகப் பிரித்தார். அவன் தொண்டன், வேலையாள் அல்ல. அவனைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தது, சொன்ன இடத்தில் நிற்காதது அவன் குற்றம். கயிற்றைப் பிடிக்கும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"பிடிக்கலேன்னா அவுஹ மச்சான் காலு என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆயிருக்காது டீச்சர். மிஞ்சிப்போனா சுளுக்கு," என்றார். அவர் கறுப்புக் கோட்டுப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். ஒரு மனிதனை அடிக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் எனக்குத் தோன்றியது அந்த ஒரே தடவைதான்.

இதற்கு நடுவில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கண்ணாடியைப் பார்க்க ஆள் வந்தார். பேண்ட் போட்டு, இன் பண்ணி, தோல்பையோடு வந்த அந்த மனிதர் உடைந்த சில்லுகளை அளந்தார், கல்லைத் தட்டிப் பார்த்தார், கப்பியைப் படம் வரைந்துகொண்டார். நான் அவரைத் தூணுக்குக் கூட்டிப்போய், மரத்தில் கறுத்துப்போயிருந்த இடத்தைக் காட்டினேன். அது என்ன என்று கேட்டார். ரத்தம் என்றேன். அவர் முகம் மாறியது. பாலிசியில் ஆட்களைச் சேர்க்கவில்லையே அம்மா, சேர்த்திருந்தால் கண்ணாடிக்கு முன்னால் இதைத்தானே முதலில் எழுதியிருப்பேன் என்றார். கண்ணாடிக்கான பணம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. புதுக் கண்ணாடி பழையதைவிடத் தடியாக, பூட்டு வைத்த கதவோடு வந்தது. பாலிசி எழுதிய ஏஜெண்டுக்குக் கமிட்டி ஒரு நன்றித் தீர்மானமும் போட்டது.

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். தொண்டர்கள் அனைவரும், தங்களுக்கு என்ன நேர்ந்தாலும் தாங்களே பொறுப்பு என்று கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் போட்டார்கள். நான் போடவில்லை. போடாவிட்டால் வர வேண்டாம் என்றார் செக்ரட்டரி. வருவேன், தடுத்தால் வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்லுவேன் என்றேன். பள்ளிக்கூட டீச்சரோடு வாசலில் சண்டை போட அவருக்கு மனமில்லை. நான் விலகிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி, அதற்காகவே விலகவில்லை. ஒவ்வொரு கமிட்டிக்கும் போய், நிகழ்ச்சி நிரலின் கடைசியில் மற்ற விஷயங்கள் என்று வருகிற இடத்தில், அந்தக் கைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். அவர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிடுவார்கள்.

முதலாளியையும் போய்ப் பார்த்தேன். அவருடைய உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. அவர் என்னை நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு அந்தக் குடும்பத்துக்குத் துணிமணியும் அரிசியும் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அது தர்மம், நான் கேட்பது நஷ்டஈடு என்றேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லையா, தெரியாததுபோல் இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கை கூப்பினது ஒரு தப்பா அம்மா என்று கேட்டார். அந்த மோரை நான் குடிக்கவில்லை.

சீசன் தொடங்கியது. குளிக்கிறவர் ஒரு நாள் வேறு ஒருவனைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டு போனார். கீழேயிருந்து கயிற்றை அசைத்தபோது மேலே இருந்தவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மூக்கில் ரத்தத்தோடு வந்து சேர்ந்தார். மறுநாள் அவர் மனைவி வாசலில் நின்றுகொண்டு, தன்னைத் தாண்டிப் போகட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவர் வலை பின்னுகிறேன் என்று கரையில் உட்கார்ந்தார். மற்ற வள்ளங்கள் போய் வந்துகொண்டிருந்தன. நான் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது கையில் ஏதாவது வாங்கிப் போவேன். அவள் வாங்கிக்கொள்வாள், ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அப்படிப் போயிருந்த ஒரு நாள்தான் செக்ரட்டரியும் அங்கே வந்தார். டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், கப்பி வேலையை மறுபடி காட்ட வேண்டும், குளிக்கிறவர் வந்தால் போதும் என்றார். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், கயிறு யார் பிடிப்பார்கள் என்று கேட்டாள். இந்தத் தடவை யாரையும் நம்ப மாட்டேன், நானே பிடிக்கிறேன் என்றார் அவர்.

அவள் எழுந்தாள். கையில் அரிவாள்மணை இல்லை, செதில்தான் ஒட்டியிருந்தது.

"பிடிங்க. அதுக்கு மொதல்ல உங்க கூடப்பொறந்த தங்கச்சிய இவுஹளுக்குக் கெட்டிக் குடுத்துட்டு வாங்க. பொறவு கயித்தத் தாரேன்."

வக்கீலுக்கு அதை மூன்றாகப் பிரிக்கத் தெரியவில்லை. முகம் கறுத்து, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து மீனை எடுத்தாள்.

அடுத்த வாரம் பொழுது விடிந்ததும் கரைக்குப் போனேன். குளிக்கிறவர் கடலுக்குப் போகிறார் என்று என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொல்லியிருந்தாள். வள்ளத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் வள்ளத்தில் நின்றான். வலது கையைத் துணியால் சுற்றியிருந்தான். இடது கையாலும் பல்லாலும் கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து, இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டான். கீழே இருப்பவர் அசைத்தால் அவன் உடம்பு அசையும். அவன் சாய்ந்து, நடந்து, உடம்பாலேயே இழுக்க வேண்டும். கீழே இருப்பவர் எதிலாவது மாட்டிக்கொண்டால், இவனும் போக வேண்டியதுதான்.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கரையிலிருந்து சத்தம் போட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கைதான போச்சு டீச்சர். இடுப்பு இருக்குல்லா."

அவன் அக்கா முழங்கால் தண்ணீரில் குழந்தையோடு நின்றாள். நீ எப்படி இதற்குச் சம்மதித்தாய் என்று அவளிடம் கேட்டேன். சம்மதிக்காவிட்டால் சோறு எங்கேயிருந்து வரும் என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. வள்ளம் போகிற திசையையே பார்த்துக்கொண்டு, "முந்தி ஒரு உசுருக்கு மாதாவக் கும்பிடுவேன். இனி ரெண்டுக்கு," என்றாள்.

அன்றைக்கு அவர்கள் திரும்பி வரும்வரை நான் கரையிலேயே இருந்தேன். பள்ளிக்குப் போகவில்லை. வந்து சேர்ந்தபோது அவன் இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்து, உப்புத் தண்ணீர் பட்டுச் சிவந்திருந்தது. மறுநாளும் போனார்கள். சீசன் முழுவதும் அப்படியே போனார்கள்.

கடற்கரைச் செய்தி கிட்டங்கிக்கு வந்து சேர நாளாகாது. ஒரு சனிக்கிழமை செக்ரட்டரி என் மேசைக்கு வந்தார். மாதக்கணக்கில் என்னோடு பேசாதவர், முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். புதுக் கண்ணாடி போட்ட பெட்டியில் அந்தக் கயிற்றையும் கல்லையும் காட்சிக்கு வைத்திருந்தார்கள், அதற்கு ஒரு புதுச் சீட்டு வேண்டும் என்றார். வாசகத்தை அவரே யோசித்து வைத்திருந்தார். நின்றுகொண்டே சொன்னார்: "மைத்துனர் கயிற்றைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு மூழ்குவோரின் உயிரைக் காப்பது இக்கடற்கரையின் தொன்றுதொட்ட மரபு."

நான் பேனாவை மையில் தோய்த்தபடி அவரைப் பார்த்தேன். நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்து அவர் கொஞ்சம் பின்வாங்கி நின்றார். எழுதித் தருகிறேன் என்றேன். நிம்மதியாகத் தன் அறைக்குப் போனார்.

நல்ல அட்டையாக எடுத்தேன். அளவு பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, என் கைக்கு வந்த மட்டும் அழகாக எழுதினேன்.

"கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்வது இக்கடற்கரையில் எந்தக் காலத்திலும் மரபாக இருந்ததில்லை. கையால் பிடிப்பதே வழக்கம். சிறப்பு விருந்தினர் மாலைக்குக் கை கூப்பியதால் சுவரோரத் தூணில் ஒருவர் கை நசுங்கியது. அவருக்கு இந்த அருங்காட்சியகம் எதுவும் கொடுக்கவில்லை. இப்போது அவர் இடுப்பில் கட்டிக்கொள்கிறார்."

மை காயும்வரை ஊதினேன். புதுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கல்லுக்கு முன்னால், வாசலிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் நிறுத்தி வைத்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். அந்தப் பூட்டுக்கு ஒரு சாவிதான், சீட்டு மாற்றுகிறவள் என்று என்னிடம்தான் இருந்தது. தகர வில்லையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தேன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளை யாரோ கூட்டி வந்திருந்தார்கள். பெட்டியின் முன்னால் ஒரு பையன் சத்தமாக வாசிக்கத் தொடங்க, மற்றவர்கள் கூடினார்கள். சத்தம் கேட்டுச் செக்ரட்டரி வெளியே வந்தார். படித்தார். கதவை இழுத்துப் பார்த்தார். நான் அதற்குள் வாசல் தாண்டியிருந்தேன். டீச்சர், சாவி, சாவி என்று பின்னாலேயே வந்தார்.

நான் திரும்பி நின்றேன்.

"கண்ணாடிய ஒடைச்சி எடுத்துக்கிடுங்க சார். அதுக்குத்தான் பாலிசி இருக்குல்லா."